எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. இருந்து என்ன பயன்?

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்காலத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஊர்ப் பெண்கள் சேர்ந்து எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அங்கிருந்தவர், "நாங்க எதிர்க்கட்சிம்மா, எங்களால என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டார். ஊரிலும் "ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டிருந்தா இந்நேரம் டாக்டர் வந்திருப்பார், ஓட்டை வீணாக்கிட்டீங்க" என்கிறார்கள். நானும் அவருக்குத்தான் போட்டேன். அது வீணான ஓட்டா? பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், "முதலமைச்சரை நாமே நேராத் தேர்ந்தெடுத்தா இந்தப் பிரச்சினையே இருக்காதேம்மா" என்கிறாள். அவள் சொல்வது சரியா? (பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஓட்டு வீணாகவில்லை. அந்த அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்ன பதில்தான் தவறு. எதிர்க்கட்சி உறுப்பினரால் ஒரு டாக்டரை நியமிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாலும் அது முடியாது. நியமன உத்தரவில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் கிடையாது. அது அரசின் வேலை. அந்த அரசைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்காகத்தான் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்த வேலை அவருக்கு இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். அவள் கேட்டது நல்ல கேள்வி.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் நீங்கள் பட்டனை அழுத்தியபோது முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆட்சியைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தீர்கள். இப்படி 234 தொகுதிகளிலிருந்தும் போகிறவர்கள் சேர்ந்ததுதான் சட்டமன்றப் பேரவை. அங்கே யாருக்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கிறதோ அவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 164வது பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவில், அமைச்சரவை கூட்டாகப் பேரவைக்குப் பொறுப்புடையது என்றும் இருக்கிறது. நாடாளுமன்ற ஆட்சிமுறையின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பேன். டெல்லியில் பிரதமருக்கும் மக்களவைக்கும் இடையே உள்ள உறவும் இதேதான். அது 75வது பிரிவில் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டு கொண்டுவந்த 91வது திருத்தத்தின்படி, ஒரு மாநிலத்தில் முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234க்கு அது 35. அமைச்சரவையை முழுக்க நிரப்பினாலும் பாக்கி 199 பேர் அமைச்சர் இல்லாத வெறும் உறுப்பினர்கள். அதில் ஆளுங்கட்சிக்காரர்களும் ஏராளமாக இருப்பார்கள். அவர்களிடமும் கோப்பு வராது, அவர்களும் அமைச்சரைப் பார்த்துக் கேட்க வேண்டியவர்கள்தான். உங்கள் ஊரில் சொல்வதுபோல ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டால் டாக்டர் வந்துவிடுவார் என்றால், அத்தனை ஆளுங்கட்சித் தொகுதிகளிலும் ராத்திரியில் டாக்டர் இருக்க வேண்டுமே. பக்கத்துத் தொகுதிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலமைச்சரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். தேர்தல் பிரசாரம் முழுக்க முதலமைச்சர் வேட்பாளர்களைச் சுற்றியே நடப்பதால் அப்படி ஒரு எண்ணம் ஊறிவிட்டது. நம் மாநில வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1952இல் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானபோது அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு (பேரவையோடு சேர்ந்து அப்போது இங்கே இருந்த இன்னொரு அவை) நியமித்தார். அது அன்றே கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று பேரவைக்கு வந்தார். 1967இல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத்தான் வென்றிருந்தார், முதலமைச்சரான பிறகு மேலவை உறுப்பினரானார். சட்டம் இதற்கு இடம் தருகிறது. உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். இங்கே மேலவை 1986இல் கலைக்கப்பட்டுவிட்டதால் இப்போது பேரவைத் தேர்தலில் வென்றுதான் வர முடியும்.

ஒருவர் எந்த வழியில் முதலமைச்சராக வந்தாலும், பேரவையின் பெரும்பான்மை அவரை நம்பினால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். அந்த நம்பிக்கை போய்விட்டால் ஐந்து வருடக் கணக்கு செல்லாது. 1999 ஏப்ரல் 17ஆம் தேதி மக்களவையில் நடந்ததை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். வாஜ்பாய் அரசுக்குத் தந்துவந்த ஆதரவை அ.தி.மு.க. விலக்கிக்கொண்டது. பெரும்பான்மையை நிரூபிக்கும்படி குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கேட்க, வாஜ்பாய் நம்பிக்கை கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவாக 269 ஓட்டு, எதிராக 270. ஒரே ஓட்டில் ஒரு நாட்டின் அரசு போனது. தேர்தல் முடியும்வரை வாஜ்பாய் காபந்து பிரதமராக இருந்தார். கார்கில் போர் நடந்ததும் அந்தக் காலத்தில்தான். அன்று எதிர்த்து ஓட்டளித்த 270 பேரில் ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு தொகுதியின் மக்கள் அனுப்பியிருந்தார்கள். ஆதரித்த 269 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் அப்படித்தான். அந்தத் தொகுதிகளில் எந்த ஓட்டை வீண் என்று சொல்வீர்கள்?

அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அதை எங்கே எண்ணுவது என்பதிலும் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. ஆளுநர்கள் தாங்களே கணக்குப் போட்டு ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரை செய்துகொண்டிருந்தார்கள். 1994இல், கலைக்கப்பட்ட கர்நாடக அரசின் முதலமைச்சராக இருந்த எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் அவைதான், ஆளுநரின் சொந்தக் கணிப்பு அதற்கு ஈடாகாது. சட்டம் படித்தவன் என்ற முறையில், மாநிலங்களின் ஜனநாயகத்தை இந்தத் தீர்ப்பு அளவுக்குக் காப்பாற்றியது வேறெதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆட்சி கவிழ்வது அபூர்வம். வருடா வருடம் அவைக்கு வருவது பண விவகாரம். அரசின் வருவாயெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து பேரவையின் ஒப்புதல் இல்லாமல் செலவுக்குப் பணம் எடுக்க முடியாது. பட்ஜெட் தாக்கல் செய்த பிறகு, ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையைப் பேரவை முன்னால் வைத்துக் கேட்கும். மானியக் கோரிக்கை என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தத் தொகையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. மருத்துவத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாள்தான் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேச மிகப் பொருத்தமான நாள். அன்று அமைச்சர் அவையில் இருந்தாக வேண்டும், பேசுகிற உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஓட்டெடுப்பில் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். ஆனால் அன்று அமைச்சர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

"கேள்வி கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதற்கு நம் நாடாளுமன்றத்தின் ஆரம்ப வருடங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி 1956இல் எல்.ஐ.சி.யை உருவாக்கினார்கள். அடுத்த வருடமே, கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. அந்தக் கம்பெனிகளின் நிலைமை அப்போதே நன்றாக இல்லை. பாலிசி எடுத்த சாதாரண மக்களின் பணம் அது. மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. முதலில் வந்த பதில்கள் மழுப்பலாக இருந்தன. உறுப்பினர்கள் விடவில்லை. 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி எழுந்து, பங்குகளை எந்த விலைக்கு, யார் சொல்லி, எதற்காக வாங்கினார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் ரேபரேலித் தொகுதியின் உறுப்பினர். எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் காங்கிரஸ்காரர். அதற்கும் மேலே, பிரதமர் நேருவின் மருமகன். மாமனாரின் அரசைத்தான் அவர் அவையில் நிறுத்திக் கேட்டார்.

அரசால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் ஆணையமாக நியமித்தது. விசாரணை மூடிய அறையில் நடக்கவில்லை, பம்பாயில் மக்கள் முன்னிலையில் நடந்தது. சில வாரங்களில் அறிக்கையும் வந்துவிட்டது. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இந்த வாங்கலைத் தான் முடிவு செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தார். பொறுப்பு நிதித் துறைச் செயலாளர் எச்.எம். படேல் பக்கம் போகும் நிலைமை இருந்தது. செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் அவைக்குப் பொறுப்பு, அவர் அதிலிருந்து நழுவ முடியாது என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். நேருவுக்கு நெருக்கமானவர், திறமைசாலி என்று பெயர் எடுத்தவர். அவரே போக வேண்டியதாயிற்று.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை என்றால், "வட்டார மருத்துவ அலுவலரைக் கேளுங்கள்", "மாவட்டத்தில் கேளுங்கள்", "டாக்டர் வந்து சேரவில்லை, நாங்கள் என்ன செய்வது" என்று பதில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அலுவலகங்களில் அது முடியும். அவையில் அது முடியாது. அங்கே துறைக்கு ஒரே ஒரு முகம்தான், அமைச்சர். கீழே யார் தவறு செய்திருந்தாலும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். சாக்ளாவின் அறிக்கை ஊன்றிச் சொன்னது அதைத்தான்.

இன்று ஒரு ஃபெரோஸ் காந்தி வர முடியுமா என்றால், கஷ்டம். 1985இல் அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது. கட்சிக் கொறடாவின் (அவையில் எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்பவர்) உத்தரவை மீறி ஓட்டளித்தால், கட்சி பதினைந்து நாளுக்குள் அதை மன்னிக்காவிட்டால், பதவி பறிபோகலாம். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று உறுப்பினர்கள் தாவிக்கொண்டிருந்த காலத்துக்கு அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அரசின் ஆயுளோடு சம்பந்தமே இல்லாத மசோதாக்களுக்கும் கொறடா உத்தரவு பறக்கிறது. உறுப்பினர் தன் தொகுதியை நினைத்து ஓட்டளிக்க வழியில்லாமல் போகிறது. நம்பிக்கைத் தீர்மானம், வரி, செலவு பற்றிய பண மசோதா போன்றவற்றோடு இந்தத் தடையை நிறுத்திக்கொள்ளலாம் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே பரிந்துரைத்தது. இன்றுவரை எந்தக் கட்சியின் அரசும் அதைக் கையில் எடுக்கவில்லை. இது பெரிய குறை என்றே எண்ணுகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போகும் என்று சட்டம் சொல்வது ஓட்டெடுப்பைப் பற்றி. உங்கள் ஊர் சுகாதார நிலையத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதை எந்தக் கொறடாவும் தடுக்கப்போவதில்லை. அதுவும் ஆளுங்கட்சி உறுப்பினருக்கு இருக்கும் தயக்கம்கூட எதிர்க்கட்சி உறுப்பினருக்கு இருக்க வேண்டியதில்லை. தன் கட்சி அமைச்சரைச் சங்கடப்படுத்துகிறோமே என்று அவர் யோசிக்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் அவர் எதிர்க்கட்சியாக இருப்பது உங்களுக்கு ஒரு வசதி.

எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஒரு மசோதாவை நிறைவேற்றிக் காட்டியவரும் நம் மாநிலத்தவர்தான். திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைகளுக்காக தி.மு.க.வின் திருச்சி சிவா மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார். 2015 ஏப்ரலில் அவை அதை நிறைவேற்றியது. 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமாகாத நாட்டில், ஓர் அவையாவது அதை ஏற்றது சாதாரணம் கிடையாது. அந்த மசோதா சட்டமாகவில்லை. அரசு பிறகு தானே ஒரு மசோதா கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தில் குறைகள் இருப்பதாகத் திருநர் அமைப்புகள் போராடின என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் அதுவரை நாடாளுமன்றம் பேசாத ஒன்றைப் பேச வைத்தது எதிர்க்கட்சி வரிசையிலிருந்த ஓர் உறுப்பினர்.

சரி, இனி உங்கள் வேலைக்கு வருவோம்.

"டாக்டர் வேண்டும்" என்ற மனு யாரிடம் போனாலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு கட்டில் சேர்ந்துவிடும். முதலில் உங்கள் கையில் விவரம் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, இப்போது நிரம்பியிருப்பவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, அது 24 மணி நேரமும் இயங்க வேண்டிய நிலையமா, கடந்த ஒரு வருடத்தில் இரவு நேரத்தில் அங்கே நடந்த பிரசவங்கள் எத்தனை, வேறு மருத்துவமனைக்கு அனுப்பியவை எத்தனை என்று கேளுங்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள், ஏட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அந்தப் பதில் கைக்கு வந்ததும் அதன் நகலோடு மறுபடி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள். இந்த முறை, "டாக்டர் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டாம். "இந்தக் கேள்வியைப் பேரவையில் கேளுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். எழுத உதவியாக ஒரு மாதிரி தருகிறேன்:

"மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்கள் பின்வருவனவற்றுக்குப் பதிலளிப்பார்களா? (அ) இன்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்களில் எத்தனை, எப்போதிலிருந்து காலியாக உள்ளன? (ஆ) அங்கு இரவு நேரத்தில் மருத்துவர் பணியில் இருக்க ஏற்பாடு உள்ளதா? (இ) இல்லையெனில், அதற்கு அரசு எடுக்க உத்தேசித்துள்ள நடவடிக்கை என்ன, எந்த காலத்துக்குள்?"

கேள்வி இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒரே விஷயம், ஒரே துறை, விவரம் கேட்கும் தொனி. குற்றச்சாட்டு, அடைமொழி, கோபம் எதுவும் அதில் வேண்டாம். கேள்வியை அனுமதிக்கும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு. எல்லாக் கேள்வியும் கேள்வி நேரத்தில் வாய்மொழிப் பதிலுக்கு வந்துவிடாது. வந்தால் உங்கள் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வியும் கேட்கலாம், அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் எழுத்தில் பதில் வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் நான் சொன்ன மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது, அவசர விஷயத்தில் அமைச்சரின் கவனத்தை இழுத்துப் பதில் கேட்கும் கவன ஈர்ப்புத் தீர்மானம் இருக்கிறது. "ஆகட்டும், செய்கிறோம்" என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அப்படிச் சொன்னவை நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதனால் பதில் வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ.வையே நம்பி உட்கார வேண்டும் என்பதும் இல்லை. பேரவையின் மனுக்கள் குழுவுக்கு நீங்கள் நேராகவே எழுதலாம். அந்தக் குழுவில் பல கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள். குழு மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதற்கு முன்னால் பொதுமக்களிடமிருந்து மனுக்கள் கேட்டுச் செய்தித்தாள்களில் அறிவிப்பு வரும். ஊருக்குப் பொதுவான குறையாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் விஷயமாக இருக்கக் கூடாது, தனக்கு வேலை கேட்பது போன்ற சொந்தக் கோரிக்கையாக இருக்கக் கூடாது. உங்களுடைய மனு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். குழு ஊருக்கு வந்து நேரில் பார்த்து, அதிகாரிகளை அங்கேயே நிறுத்திக் கேட்பதும் உண்டு.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. டாக்டர் நியமனம் ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை என்று அங்கே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஊரே கூடி நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் உங்கள் மனுவோடு இணைந்திருந்தால், "நாலு பெண்கள் கேட்கிறார்கள்" என்று யாரும் தள்ளிவிட முடியாது. மனு கொடுக்கப் போன பெண்கள் எல்லோரும் அடுத்த கூட்டத்துக்குப் போய், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதும்வரை இருங்கள். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீருக்கு அந்தச் சபைதான் சரியான இடம். அதற்கெல்லாம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று பழகிவிட்டதால்தான் அவர் செய்ய வேண்டிய வேலையை அவரும் மறந்துவிட்டார், நாமும் மறந்துவிட்டோம்.

இன்னொன்று: தொகுதி மேம்பாட்டு நிதி எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் ஒரே அளவுதான். அதில் டாக்டருக்குச் சம்பளம் தர முடியாது. கட்டடம், உபகரணம் மாதிரி ஏதாவது அந்த நிலையத்துக்குக் குறையாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் மகளின் கேள்வி பாக்கி இருக்கிறது. முதலமைச்சரை நேராகத் தேர்ந்தெடுத்தால் என்ன? அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படித்தான், அதிபருக்குத் தனித் தேர்தல், நான்கு வருடம் நிச்சயம். நாடாளுமன்றத்துக்கு அவர் மீது நம்பிக்கை இல்லை என்பதற்காக மட்டும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நாடாளுமன்ற முறையை வைத்துக்கொண்டே தலைவரை மட்டும் நேராகத் தேர்ந்தெடுக்கும் முயற்சியை இஸ்ரேல் செய்து பார்த்தது. 1996, 1999, 2001 ஆகிய மூன்று முறை அங்கே பிரதமரை மக்கள் தனி ஓட்டில் தேர்ந்தெடுத்தார்கள். பிரதமருக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு என்றானதும் மக்கள் இரண்டையும் பிரித்துப் போட்டார்கள். பெரிய கட்சிகள் சுருங்கின, சிறிய கட்சிகள் பெருத்தன. நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமருக்கு அவையில் பெரும்பான்மை சேர்ப்பதே பெரும்பாடானது. 2001இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

இரண்டு முறைக்கும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. உங்கள் மகள் பெரியவளாகி வேறு முறைதான் சரி என்று வாதாடினால் அதில் தப்பில்லை. ஆனால் அவள் நினைப்பதுபோல உங்கள் ஊர்ப் பிரச்சினை அதனால் தீராது. நேராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரிடமும் உங்கள் ஊர் சார்பாகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அவரும் சில ஊர்களில் முதலமைச்சருக்கு எதிர்க் கட்சியாகத்தான் இருப்பார்.

பேரவையின் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது சட்டம். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே தகவல் உரிமை விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னால் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள், பேரவைக் கேள்வியின் வாசகத்தை அதற்கேற்ப நானே சரிபார்த்துத் தருகிறேன்.